சமையலறையில் கரண்டு எங்கே போகிறது?

(மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் மாதர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, சகோதரிகளே, வாசலோரம் நிற்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

கரண்டு பில் கூடினால் வீட்டில் முதலில் ஏச்சு வாங்குவது கெட்டில்தான். "2,000 வாட் இழுக்குதே!" என்பார்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொதிக்க அதற்கு ஐந்து நிமிடம் போதும், பிறகு தானே அணைந்துவிடும். செலவு 0.17 யூனிட். அதே மேசையில் பகல் முழுக்கச் சின்ன விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் ரைஸ் குக்கரை யாரும் ஏசுவதில்லை. சோற்றைச் சூடாக வைத்திருக்க 50 வாட் இழுக்கும் குக்கர், காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து மணிவரை அப்படியே கிடந்தால் 0.6 யூனிட். மாதத்துக்கு 18 யூனிட்.

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, பாலம் தாண்டிப் பையன் பசியோடு வருவான், சோறு ஆறியிருக்கக் கூடாது என்றுதான் அம்மா அதை விட்டு வைக்கிறார். அந்த மனசைக் குறை சொல்ல மாட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மிச்சச் சோற்றை அகலமான டப்பாவில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி பிரிட்ஜில் வையுங்கள். அவன் வந்ததும் ஒரு தட்டுச் சோறு மைக்ரோவேவில் இரண்டு நிமிடம், அவ்வளவுதான். ஆனால், குக்கரை அணைத்துவிட்டுச் சோற்றை வெதுவெதுப்பாக அதிலேயே விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெக்கையில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி பெருகும். அது உண்டாக்கும் ஒருவகை நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கரண்டை மிச்சம் பிடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெந்நீரைச் சூடாகவே வைத்திருக்க நாள் பூரா கரண்டிலேயே இருக்கும் தெர்மோபாட்டும் இந்த ரகம்தான். கொதித்த நீரை நல்ல பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் சாயங்காலத் தேநீருக்குச் சூடு தாங்கும்.

18 யூனிட் என்ன பெரிய காசா என்று கேட்பீர்கள். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மின் கட்டண முறை மாறிவிட்டது. யூனிட்டுக்கு 44.43 சென் போட்டு, 1,000 யூனிட்டுக்குள் இருப்பவருக்குச் சிக்கனக் கழிவு தருகிறார்கள். 200 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. புழக்கம் ஏற ஏற அது சுருங்கும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) சில்லறைக் கட்டணம் (retail charge) வேறு சேரும். 610, 615 என்று பில் வரும் வீட்டை இந்த ரைஸ் குக்கர் ஒன்றே கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும். இன்று வீட்டுக்குப் போனதும் பில்லில் வெள்ளிக் கணக்கைப் பார்க்கும் முன் யூனிட்டைப் பாருங்கள்.

அடுத்தது பிரிட்ஜ். அதை அணைக்க முடியாது, வேலையைக் குறைக்கலாம். நம் அடுக்குமாடி வீடுகளில் இடம் இல்லாமல் அதைச் சுவருக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே திணித்திருப்போம். உள்ளேயிருந்து எடுத்த சூட்டை அது முதுகு வழியாகவோ விலா வழியாகவோதான் வெளியே விட வேண்டும். ஒட்டி நின்றால் எங்கே விடும்? மோட்டார் ஓயாமல் ஓடும். முடிந்தவரை இடைவெளி விடுங்கள், அடுப்பை விட்டுத் தள்ளுங்கள்.

கதவு ரப்பரையும் சோதித்துப் பாருங்கள். ஒரு வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடித்து இழுத்தால்தான் வரும் என்றால் ரப்பர் நன்றாயிருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. மூலைகளில்தான் அதிகம் கசியும், நாலு பக்கமும் பாருங்கள். உடனே கடைக்கு ஓட வேண்டாம். மடிப்புகளில் குழம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து, மறுபடி நோட்டை வைத்துப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் ரப்பரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.