இரண்டு நாய், ஒரு மோட்டார்ஹோம்: எங்கே விட்டார்கள், எங்கே விடவில்லை

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் அதிகம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்குக்கு மாட்டுகிற பஞ்சை ஜிம்மி நேற்றே கடித்துத் தின்றுவிட்டான். வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் தெரிகிற சிவப்புப் பாறைகள் யூட்டா மாநிலத்தின் கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலான்டே. என் காலடியில் குறட்டை விடுகிறவன் மணி, வயது 11. கேமராவை நக்க வருகிறவன்தான் ஜிம்மி, 2 வயது. உட்கார் ஜிம்மி. உட்காருடா. சரி, விடுங்கள்.

ஐந்து வாரம் ஆயிற்று நாங்கள் கிளம்பி. நியூ மெக்சிகோவில் ஆரம்பித்து அரிசோனா வழியாக இங்கே வந்திருக்கிறோம். மோட்டார்ஹோம் என்றால் படுக்கை, அடுப்போடு இருக்கிற வீட்டு வண்டி. எங்களுடையது 24 அடி நீளம், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை இருக்கிற வகை. கிளம்புவதற்கு முன்னால் நான் செய்த தப்பு என்ன தெரியுமா? அழகான இடங்களைப் பட்டியல் போட்டேன். நாயோடு வருகிறவர்கள் அப்படிப் பட்டியல் போடவே கூடாது. அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் நேஷனல் பார்க் என்ற பலகையைப் பார்த்ததும் நாய்க்கும் சேர்த்து நம் மனம் துள்ளும். ஆனால் பெரும்பாலான நேஷனல் பார்க்குகளில் நாய்க்குக் கிடைப்பது கார் போகிற இடம் மட்டும்தான். சாலை, பார்க்கிங், இரவு வண்டி போட்டுத் தங்குகிற கேம்ப்கிரவுண்ட், அவ்வளவுதான். நடைபாதையில் விட மாட்டார்கள். கயிறும் 6 அடிக்கு மேல் போகக் கூடாது. நாயை ஒரு மரத்திலோ மேசைக் காலிலோ கட்டிப்போட்டுவிட்டு நாம் மட்டும் போய்ப் பார்த்து வருவதும் விதிப்படி குற்றம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மணி ஒரு அப்பாவி என்பது எனக்குத் தெரியும், அங்கே இருக்கிற மானுக்குத் தெரியாது. அதற்கு இவன் வாசனை ஓநாய் வாசனை.

அப்புறம் இந்த 'மானுமென்ட்' என்கிற வார்த்தை. நமக்கு அதைக் கேட்டதும் சிலையோ கோபுரமோதான் ஞாபகம் வரும். இங்கே அது பெரும்பாலும் நிலம். 1906-இல் வந்த ஒரு சட்டப்படி, அரசுக்குச் சொந்தமான நிலத்தில் காக்க வேண்டியது ஏதாவது இருந்தால் ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் அதை நேஷனல் மானுமென்டாக அறிவிக்கலாம். நேஷனல் பார்க் ஆக்க வேண்டுமென்றால் காங்கிரஸ், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றம், சட்டம் போட வேண்டும். கிராண்ட் கேன்யனே 1908-இல் மானுமென்டாகி, 1919-இல்தான் பார்க் ஆனது. நமக்கு வேண்டிய விஷயம், எல்லா மானுமென்டையும் ஒரே துறை பார்த்துக்கொள்வதில்லை. நேச்சுரல் பிரிட்ஜஸ் என்று ஒரு மானுமென்ட், இதே யூட்டாவில்தான் இருக்கிறது. அது நேஷனல் பார்க்குகளைப் பார்த்துக்கொள்கிற பார்க் சர்வீஸ் கையில், அங்கே நடைபாதையில் நாய்க்கு இடமில்லை. நான் இப்போது உட்கார்ந்திருப்பதும் மானுமென்ட்தான். இது பி.எல்.எம். என்கிற நில மேலாண்மைத் துறையின் கையில் இருப்பதால் இவர்கள் இரண்டு பேரும் என் கூடவே நடக்கிறார்கள். பலகையில் எழுதியிருக்கிற பெயர் ஒன்றுதான், நாய்க்கு மட்டும் அது வேறு வேறு ஊர்.

முதலில் போனது வைட் சாண்ட்ஸ். இது பார்க் சர்வீஸின் இடம், ஆனாலும் நாய்களை மணல்மேட்டில் விடுகிறார்கள். 275 சதுர மைலுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். அது சாதாரண மணல் இல்லை, ஜிப்சம். வெயிலை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் கால் சுடாது. பார்க்கிங் தாரில் புறங்கையை வைத்தால் ஐந்து நொடி தாங்கவில்லை, பத்தடி தள்ளி மணலில் ஜிம்மி உருண்டு கொண்டிருக்கிறான். போகும்போது தண்ணீரை நிறையவே கொண்டு போங்கள், மேடுகளுக்குள் எங்கும் கிடைக்காது. பக்கத்திலேயே ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைக் களம் இருப்பதால் சில நாள் சாலையைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். போகிற அன்று காலையில் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அங்கே மோட்டார்ஹோமில் இரவு தங்க முடியாது. அதனால் வெளியே ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டில் போட்டேன். இந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று கேமராவை எடுத்தேன்.

மத்தியானம், வெளியே 96 டிகிரி ஃபாரன்ஹீட். ஏசியைப் போட்டு, இரண்டு பேரையும் உள்ளே விட்டுவிட்டு, சாமான் வாங்க நடந்து போனேன். போகவர அரை மணி நேரம். கடையில் நிற்கும்போது போன் அலறியது. வண்டிக்குள் வைத்திருக்கிற வெப்பநிலைக் கருவியிலிருந்து செய்தி, உள்ளே 84. கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கதவைத் திறந்தபோது 89. ஜிம்மி ஜன்னலோரம் மூச்சு வாங்குகிறான். மணி பாத்ரூம் தரையில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி, நிழலில் போட்டு, அரை மணி நேரம் விசிறினேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

என்ன நடந்தது என்றால், கரண்ட் கொடுக்கிற கம்பத்தில், சுமை கூடினால் கரண்டைத் துண்டிக்கிற பிரேக்கர் விழுந்திருந்தது. என் வண்டிக்கு 30 ஆம்ப் இணைப்பு. 120 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 3,600 வாட். ஏசிக்குச் சுமார் 1,500 போகும். வாட்டர் ஹீட்டரைக் காலையில் கரண்டில் போட்டவன் கேஸுக்கு மாற்ற மறந்துவிட்டேன், அது 1,400. அதற்கு மேல் ஃப்ரிட்ஜ், பேட்டரி சார்ஜர். விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மத்தியானத்தில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் ஏசி மோட்டார் இன்னும் அதிகமாக கரண்டை இழுக்கும். முடிந்தது கதை. உள்ளே படுக்கை, அடுப்பு, திரைச்சீலை எல்லாம் இருப்பதால் நாம் அதை வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். கரண்ட் போய்விட்டால் அது வெயிலில் நிற்கிற தகரப் பெட்டி.

அந்த வெப்பநிலைக் கருவி சொந்த சிம் கார்டில் ஓடுகிறது. அதுதான் காப்பாற்றியது. வண்டியின் வைஃபையில் ஓடுகிற மலிவான கருவியாக இருந்தால் கரண்ட் போனதும் ரூட்டரும் அணைந்து, செய்தியே வந்திருக்காது. அன்றிலிருந்து நாய்கள் உள்ளே இருந்தால் ஏசியைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாகக் கிளம்புகிற கருவி ஒன்று இருக்கிறது, அதையும் மாட்டப்போகிறேன். வெயில் நாளில் இரண்டு பேரையும் விட்டுவிட்டு பார்க்கைப் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் யூட்டாவில் இருக்கிற ஆர்ச்சஸ் நேஷனல் பார்க்கில் ஒரு நடைபாதையில்கூடக் கால் வைக்கவில்லை. அங்கே எந்த நடைபாதையிலும் நாய் கூடாது. சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. அங்கிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் டெட் ஹார்ஸ் பாயின்ட் இருக்கிறது. அது மாநில அரசின் பார்க், நடைபாதையில் நாய் வரலாம், சைக்கிள் பாதையில் மட்டும் கூடாது. 2,000 அடிக்குக் கீழே கொலராடோ ஆறு வளைந்து போவதை மூன்று பேரும் விளிம்பில் நின்று பார்த்தோம். மணி பார்க்கவில்லை, ஒரு பல்லியைப் பார்த்தான்.

நேஷனல் பார்க்குகளில் எனக்குப் பிடித்தது பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட். அரிசோனாவில் இருக்கிறது. யாரும் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை, கிராண்ட் கேன்யனுக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் நிற்கிற இடம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அங்கே எல்லா நடைபாதையிலும் நாய் வரலாம். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு விழுந்த மரங்கள் சேற்றில் புதைந்து, மரம் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறி, கல்லாகிவிட்டன. இரும்பு கலந்த இடம் சிவப்பு, மஞ்சள். பட்டையும் கணுவும்கூட அப்படியே தெரியும். இப்போது ஜிம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சி என்று ஒன்றைப் பார்த்தால் வாயில் எடுக்காமல் விட மாட்டான். காடு முழுக்கக் கட்டை, ஒன்றையும் கவ்வ முடியவில்லை! ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. எடுத்துப் போனவர்கள் பலர் மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் ஜிம்மியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

கிராண்ட் கேன்யனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெற்கு விளிம்பில் ரிம் டிரெயில் முழுக்க நாய் வரலாம், விளிம்புக்குக் கீழே இறங்கும் பாதைகளில் கூடாது. பார்க்கின் இலவச பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். விளிம்பை ஒட்டிப் போகிற ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டியும் போக முடியாது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். குளிர் தாங்குகிற நாய் என்றால் அப்போது வாருங்கள்.

மானுமென்ட் வேலி பெயரில்தான் மானுமென்ட். அது நாவஹோ என்கிற பழங்குடி மக்களின் சொந்த பார்க், நேஷனல் பார்க்குகளுக்காக நான் 80 டாலர் கொடுத்து வாங்கிய வருடாந்திரப் பாஸ் அங்கே செல்லாது. நுழைவுக் கட்டணம் தனி. உள்ளே சுற்றுகிற 17 மைல் மண்பாதையில் மோட்டார்ஹோமை விடுவதில்லை. இதெல்லாம் தெரிந்துதான் போனேன். தெரியாதது கடிகாரம். அரிசோனாவில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவதில்லை, நாவஹோ நிலத்தில் நகர்த்துகிறார்கள். எல்லையைத் தாண்டியதும் ஒரு மணி நேரம் காணாமல் போய்விட்டது. மணிக்கு ஆறு மணி என்றால் சாப்பாடு, அவனுக்கு எந்த மாநிலச் சட்டமும் பொருந்தாது. ஆனாலும் பார்வையாளர் மையத்து வாசலிலிருந்தே கையுறை மாதிரி நிற்கிற அந்த இரண்டு மிட்டன் பாறைகளும் பக்கத்தில் மெரிக் பாறையும் தெரிந்துவிடும். நாயை வைத்துக்கொண்டு அங்கே நின்றே சூரியன் இறங்குவதைப் பார்த்தேன், குறையாகத் தோன்றவில்லை.

யூட்டாவிலேயே இருக்கிற சயான் நேஷனல் பார்க்குக்கு இந்த முறை போகவில்லை. போன வருடம் போனேன். நாய்க்கு அங்கே ஒரே ஒரு பாதை, பாரஸ் டிரெயில். வர்ஜின் ஆற்றை ஒட்டியே போகும். நாய் என்ன செய்யும், ஆற்றைப் பார்த்ததும் இழுக்கும். விடாதீர்கள். அந்தத் தண்ணீரில் நஞ்சு உண்டாக்குகிற சயனோபாக்டீரியா இருக்கிறது. 2020-இல் ஒரு நாய்க்குட்டி அங்கே விளையாடிவிட்டுச் செத்துப்போனது. இன்னொன்று, அங்கே 1930-இல் திறந்த ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. போன வருடம் 15 டாலர் கட்டினேன், எதிரில் வருகிற வண்டிகளை நிறுத்திவிட்டு நடுவில் ஓட்டிப் போகச் சொன்னார்கள். 2026 ஜூன் 7 முதல் பெரிய வண்டிகளுக்கு அந்த வழி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். நீளத்தில் என் வண்டி தப்பிவிடும். ஆனால் அகலம் 7 அடி 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதில் மாட்டிக்கொள்ளும். சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

சின்னதாக ஒன்று. போன வாரம் மணி திடீரென்று நடுங்க ஆரம்பித்தான். வெயிலோ, பாம்போ என்று பதறி, உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் புகை அலாரத்தில் பேட்டரி குறைந்து, நிமிடத்துக்கு ஒரு முறை 'கீச்' என்கிறது. வண்டி சின்னது, அவன் எங்கே ஓடி ஒளிவான்? அலாரம், கேஸ் டிடெக்டர் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன் பாருங்கள். பேட்டரி போடுகிறவை என்றால் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

இன்று காலை லோயர் காஃப் கிரீக் அருவிக்குக் கிளம்பினோம். 126 அடி அருவி, போகவர 6 மைல். கயிறு கட்டினால் நாய் வரலாம். ஆறரை மணிக்கே நடக்க ஆரம்பித்தோம். மணல் பாதை, ஒன்றரை மைலுக்குள் மணி இரண்டு முறை நிழலில் படுத்துவிட்டான். மூன்றாவது முறை படுத்தபோது பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கப் பாறையைப் பைனாகுலரில் பார்த்தேன். சிவப்பு நிறத்தில் தோள் அகன்ற மூன்று உருவங்கள், கைகோத்து நிற்கிற மாதிரி. முற்காலத்தில் இங்கே வாழ்ந்த ஃப்ரீமான்ட் மக்கள் வரைந்தவை. மணி எழுந்திருக்கிற வரைக்கும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் திரும்பிவிட்டோம்.

அதனால் அருவி வீடியோ இல்லை, தலைப்பில் போடவும் இல்லை. மேகம் கூடுகிறது. இந்த மண் நனைந்தால் களிமண் சோப்பு மாதிரி வழுக்கும், வண்டியை இப்போதே தார்ச்சாலைப் பக்கம் நகர்த்த வேண்டும். ஜிம்மி, ஏறு. மணி, நீ இரு, நான் தூக்குகிறேன்.