கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மணி பிளான்ட்

நேயர்களுக்கு வணக்கம். ஊர்வன வளர்ப்பவர்கள் கூண்டுக்குள் பிளாஸ்டிக் இலைகளுக்குப் பதிலாக உயிருள்ள செடிகளை நடுவது இப்போது பரவிவருகிறது. எல்லா ஊர்வனவற்றுக்கும் ஒரே முறை பொருந்தாது என்பதால், கிரெஸ்டட் கெக்கோ என்னும் பல்லியின் கூண்டை வைத்தே இன்று பேசுகிறேன்.

பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியத் தீவுகளுக்கு உரிய இந்தப் பல்லி 1866இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமாகி, பின்னர் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டறியப்பட்டது. வாலோடு சேர்த்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரவில் நடமாடிப் பகலில் இலைகளுக்கிடையே உறங்கும் இது, கிண்ணத்தில் தண்ணீர் இருந்தாலும் இலைமேல் நிற்கும் துளிகளை நக்கிக் குடிப்பதையே பெரிதும் விரும்பும். ஆகவே இதன் கூண்டில் செடி வெறும் அலங்காரமன்று.

சிக்கலும் அந்தத் துளிகளிலிருந்தே தொடங்குகிறது. மாலைதோறும் பல்லிக்காகத் தெளிக்கும் நீர் இலையிலிருந்து வழிந்து மண்ணில் இறங்குகிறது. பூந்தொட்டிக்கு இருப்பதுபோல் கண்ணாடிக் கூண்டின் அடியில் துளை கிடையாது. தேங்கிய நீரில் காற்றின்றி வேர் அழுகி இலை மஞ்சளாகும்போது, தண்ணீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றுபவர்களே அதிகம். கூண்டுச் செடிகள் வாடிச் சாவதைவிட மூழ்கிச் சாவதே மிகுதி என்பது என் கணிப்பு.

எனவே முதலில் வடிகாலைக் கவனியுங்கள். அடியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுட்ட களிமண் உருண்டைகளைப் பரப்பி, அதன்மேல் நைலான் வலையை விரித்து, அதற்கும் மேலே தேங்காய் நார்க்கழிவு, மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு ஆகியவை கலந்த மண்ணை 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை இட வேண்டும். உருண்டைகளுக்கிடையே நிற்கும் நீர் கண்ணாடி வழியே கண்ணுக்குத் தெரியும்; அது வலையைத் தொடுமுன் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்பதை இலையைப் பார்த்து முடிவு செய்யாமல், மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். தெளிப்பதற்கு உப்பு நீரைப் பயன்படுத்தினால் இலைகளில் வெண்புள்ளிகள் படிந்து வெளிச்சத்தை மறைக்கும், ஆர்.ஓ. நீர் நல்லது.

வெளிச்சத்தில் செடியின் தேவையும் பல்லியின் தேவையும் மோதுகின்றன. இந்தப் பல்லிக்கு 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமே இதமானது. செடிக்கு வெயில் படட்டும் என்று கூண்டைச் சன்னலோரம் வைத்தால் கண்ணாடிக்குள் சூடு ஏறிப் பல்லி இறந்துபோகலாம். வெள்ளை எல்.இ.டி. விளக்கை நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் போதும். தண்டு மெலிந்து நீண்டு, இலைகள் சிறுத்து இடைவெளிவிட்டு முளைத்தால் வெளிச்சம் குறைவு என்று பொருள்.

நர்சரியில் வாங்கிய செடியை அன்றே கூண்டுக்குள் வைப்பது கூடவே கூடாது. வேர்வழி உறிஞ்சப்பட்டுச் செடி முழுதும் பரவும் பூச்சிமருந்து இலையைக் கழுவினாலும் போகாது. பழைய மண்ணையும் அதிலுள்ள உரமணிகளையும் நீக்கி, வேரை அலசி, வேறு மண்ணில் ஒரு மாதமாவது தனியே வளர்த்த பிறகே உள்ளே வைக்கலாம். அதைவிட எளிது, மருந்தடிக்காத வீட்டு மணி பிளான்ட்டில் ஒரு கணுவை வெட்டி, தண்ணீர் பாட்டிலில் வேர்விடச் செய்து நடுவது.

மணி பிளான்ட்டின் இலையில் வாயையும் தொண்டையையும் உறுத்தும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கிரெஸ்டட் கெக்கோ இலை தின்பதில்லை என்பதால் கவலையில்லை. இலைதழையே உணவான பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லியின் கூண்டில் அதை வைக்கலாகாது. அங்கே செம்பருத்தி ஏற்றது. ஆனால் இகுவானா அதை மொட்டையாக்கிவிடும் என்பதால், வெளியே இரண்டு மூன்று தொட்டிகளை வளர்த்து, தழைத்ததை உள்ளேயும் மொட்டையானதை வெளியேயும் மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.