2.38 வோல்ட்டை 2.50 ஆக்காதீர்கள்: ஆய்வுக்கூட அறிக்கை எழுதும் மாணவர்களுக்கு

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருப்பதால் ஒலிப்பதிவில் சற்று இரைச்சல் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈப்போவிலும் பிற ஊர்களிலும் மின்பொறியியல் டிப்ளோமா படிக்கும் நம் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், வார இறுதியில் வீடு திரும்பும்போது தங்கள் ஆய்வுக்கூட அறிக்கைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்படிக் கடந்த வாரம் வந்த ஓர் அறிக்கையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எழுதிய மாணவியிடம் அனுமதி பெற்றுவிட்டேன்.

இதோ, இந்தப் பக்கத்தைப் பாருங்கள். இது அறிக்கையன்று, ஆய்வுக்கூடத்தில் அவர் கைப்பட எழுதிய குறிப்பேடு. ஐந்து வோல்ட் மின்வழங்கியுடன் இரண்டு 1 மெகா ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து, இரண்டாவது மின்தடையின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்திருக்கிறார். மின்தடைகள் இரண்டும் சமம் என்பதால் விடை சரிபாதியாக, 2.50 வோல்ட்டாக இருக்கவேண்டும் என்று கணக்கு சொல்கிறது. குறிப்பேட்டில் பென்சிலால் எழுதப்பட்டிருப்பதோ 2.38. அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் 2.50. தட்டச்சு செய்த அறிக்கையின் அட்டவணையில் 2.50 மட்டுமே இருக்கிறது.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "நான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன், அண்ணா" என்றார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஏனென்றால் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, அந்தப் பரிசோதனையிலேயே மிக அருமையான எண்ணைத்தான் அவர் கோடு போட்டு அடித்துவிட்டார்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை ஏறக்குறைய 10 மெகா ஓம். அதை நீங்கள் மின்தடையின் இரு முனைகளிலும் வைத்த கணத்திலேயே அதுவும் சுற்றில் ஓர் உறுப்பாகிவிடுகிறது. 1 மெகா ஓமும் 10 மெகா ஓமும் இணையாகச் சேர்ந்தால் 0.909 மெகா ஓம்தான் கிடைக்கும். அந்த மதிப்பை வைத்து மின்னழுத்தத்தை மறுபடியும் பங்கிட்டுப் பாருங்கள்: ஐந்தை 0.909ஆல் பெருக்கி 1.909ஆல் வகுத்தால் 2.38 வருகிறது. கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதே இடத்தில் மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் அலையாகக் காட்டும் ஓசிலோஸ்கோப்பை, அதன் உள்மின்தடை 1 மெகா ஓமாக இருக்கும்படி, நேரடியாக இணைத்திருந்தால் 1.67 வோல்ட்தான் வந்திருக்கும். மின்தடைகள் 1 கிலோ ஓமாக இருந்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரிந்திருக்காது. ஆக, ஆய்வுரைப் பகுதியில் இரண்டு பக்கம் எழுதுவதற்கான பொருளை அந்த ஓர் எண்ணே வைத்திருந்தது. அதை 2.50 ஆக்கிய பிறகு எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் அந்தப் பகுதியில் "மனிதத் தவறு காரணமாகச் சிறிய பிழைகள் ஏற்பட்டிருக்கலாம்" என்ற ஒரே வரி இருந்தது.

அந்த வரியை இனி யாரும் எழுதவேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். எந்த மனிதர், எந்தத் தவறு, எந்த எண்ணை எவ்வளவு மாற்றியது என்பதைச் சொல்ல முடிந்தால் எழுதுங்கள். மின்தடையில் பொன்னிறப் பட்டை இருந்தால் அதன் மதிப்பு ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம், மின்பகு மின்தேக்கியில் இருபது விழுக்காடு வரை வேறுபடுவதும் உண்டு. இவையெல்லாம் பொருளின் இயல்பே தவிர, மனிதரின் தவறல்ல. வேறுபாடு அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். எல்லையைத் தாண்டினால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

என் அம்மா இருபது ஆண்டுகளுக்குமேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் நிறுக்கும் இடத்தில் கிராணியார், அதாவது தோட்டத்துக் கணக்கர், மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்த எண்ணை உரக்கப் படித்துப் புத்தகத்தில் பதிவார். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதை அந்த எண்தான் சொல்லும், கூலியும் அதைப் பொறுத்ததுதான். மழை பெய்த நாளில் எண் குறைவாக வந்தால், நேற்று இவ்வளவு வந்ததே என்று யாரும் அதைக் கூட்டி எழுதமாட்டார்கள், மழை என்று பக்கத்தில் குறிப்பார்கள். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டுக்கும் இதே முறைதான். எண் வந்தபடியே இருக்கட்டும், காரணம் பக்கத்தில் இருக்கட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக எழுதவேண்டும் என்று உட்காராதீர்கள். முதலில் அட்டவணையையும் வரைபடத்தையும் முடியுங்கள், பிறகு செய்முறை, பிறகு ஆய்வுரை. சுருக்கவுரையைக் கடைசியில் எழுதினால்தான் அதில் என்ன சொல்வது என்பது தெரியும். 10 வோல்ட்டை 4.7 கிலோ ஓமால் வகுத்தால் கணிப்பான் 2.127659574 மில்லி ஆம்பியர் என்று காட்டும், அவ்வளவையும் அப்படியே எடுத்தெழுதுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மீட்டர் மூன்று இலக்கம்தான் காட்டியது என்றால் 2.13 போதும். வரைபடத்தின் அச்சுகளில் அலகு இல்லாவிட்டால் அது வெறும் கோடுதான்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, இப்போது ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பிள்ளைகளுக்கு ஆய்வுரைதான் பெரும் பாரம். நானும் அந்தச் சுமையைத் தூக்கியவன்தான். முதல் பருவத்தில், மொழிக்குப் பயந்து மூத்த மாணவர் ஒருவரின் பழைய அறிக்கையைப் பார்த்து எழுதினேன். அதில் இருந்த ஓசிலோஸ்கோப்பின் மாதிரி எண், நாங்கள் பயன்படுத்திய கருவியுடையது அல்ல. விரிவுரையாளர் அந்த ஒரு வரியின்கீழ் சிவப்புக் கோடிட்டு, வேறெதையும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று விளக்க ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. அதனால்தான் வருகிற பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுகிறேன். என்ன நடந்தது என்பதை முதலில் வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள், சொன்னதைச் சிறு சிறு வாக்கியங்களாகத் தமிழிலேயே எழுதுங்கள், அதன்பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். சிந்தனை தெளிவாக இருந்தால் இலக்கணப் பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

அந்த மாணவியும் இதையே செய்தார். சமையலறையில் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, திரும்பவந்து இந்தப் பக்கத்தில் எழுதியதைப் படிக்கிறேன்: "கணக்கிட்ட மதிப்பு 2.50 வோல்ட். அளந்த மதிப்பு 2.38 வோல்ட். வேறுபாடு 4.8 விழுக்காடு. மின்தடைகளைத் தனியாக அளந்தபோது இரண்டும் 1.00 மெகா ஓம் காட்டின, எனவே அவை காரணமல்ல. மீட்டரின் 10 மெகா ஓம் உள்மின்தடையைச் சேர்த்துக் கணக்கிட்டால் 2.38 வோல்ட் கிடைக்கிறது." நாளை அவர் இதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்போகிறார்.