மணலில் நடக்கப் போகிறவர்களுக்கு

வணக்கம் நேயர்களே. மதுரைக்காரர்களுக்கு நடக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குப் பழனி, சித்திரையில் அழகரோடு ஒரு நடை என்று கால் பழகிய ஊர் இது. ஆனால் அதெல்லாம் தார்ச்சாலை. திருச்செந்தூரில் இறங்கி, இடது பக்கம் கடலை வைத்துக்கொண்டு உவரி வரைக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போவது வேறு கணக்கு. சாலையில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறவர், காய்ந்த மணலில் 3 போனாலே பெரிது. மிதிக்கிற ஒவ்வொரு அடியும் பின்னுக்கு வழுக்குகிறது. கெட்டித் தரையில் செலவாகும் தெம்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தின்றுவிடும். ஆகவே தூரத்தை ஓரமாக வைத்துவிட்டு, நேரத்தை வைத்துத் திட்டம் போடுங்கள்.

எந்த மாதம் போவது? ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், காற்று வடகிழக்கிலிருந்து முதுகில் தள்ளும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று மணலை அள்ளி முகத்தில் அறையும். அப்போது வேண்டாம். திசையும் முக்கியம். கரை தென்மேற்காகப் போகிறது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பினால் காலை வெயில் இடது தோளுக்குப் பின்னால் விழும். உவரியிலிருந்து கிளம்பினால் காலை முழுக்கக் கண் கூசும்.

இனி, கரையின் சரிவு. இதைத்தான் இன்று அழுத்திச் சொல்ல வேண்டும். கடற்கரை சமதளம் இல்லை, கடலை நோக்கிச் சாய்ந்தே கிடக்கிறது. இடது பக்கம் கடல் என்றால் இடது கால் நாள் முழுக்கப் பள்ளத்தில், வலது கால் மேட்டில். ஒரு மணி நேரம் தெரியாது. மூன்றாவது மணியில் இடுப்பின் ஒரு பக்கமும், முழங்காலின் வெளிப்பக்கமும் குத்தத் தொடங்கும். ஆட்கள் செருப்பைக் குறை சொல்வார்கள், வயதைக் குறை சொல்வார்கள். தப்பு சரிவில் இருக்கிறது.

என்ன செய்யலாம்? அலை வந்து திரும்புகிற இடத்துக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவே மூன்று, நான்கு அடி அகலத்துக்கு ஈரமான கெட்டிப் பட்டை ஒன்று ஓடும். மணல் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் நின்று அவற்றைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது இறுகிக் கிடக்கிறது. நீர் மிகுந்தால் குழைந்துவிடும், காய்ந்தால் உதிர்ந்துவிடும். அந்தப் பட்டையிலும் சரிவு குறைந்த இடமாகப் பார்த்து நடங்கள். மன்னார் வளைகுடாவில் ஓதம், அதாவது கடல் மட்டம், ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் ஏறி இறங்கும். அதனால் வற்றும் நேரத்துக்குக் காத்திருந்து பெரிய லாபமில்லை, பட்டையைத் தேடுவதே வேலை. அதோடு ஒரு மணிக்கு ஒரு தரம் ஊருக்குள் ஏறி, கால் மணி நேரம் சமதளத் தெருவில் நடந்துவிட்டு இறங்குங்கள். இடுப்பு தன் இடத்துக்குத் திரும்பும். மறுபடியும் சொல்கிறேன்: சரிவை மறக்காதீர்கள்.

ஊருக்குள் ஏறாமல் முடியவும் முடியாது. கடலரிப்பைத் தடுக்கப் பாறை கொட்டிய தூண்டில் வளைவுகள் இந்தக் கரையில் உண்டு. பாசி பிடித்த கல், அதன் மேல் தாண்ட முயலாதீர்கள். கல்லாமொழியில் அனல்மின் நிலையம். குலசேகரப்பட்டினத்துப் பக்கம் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம், 2,000 ஏக்கருக்கும் மேல். வேலியும் பலகையும் தெரிந்தால் வாதாடாமல் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறிவிடுங்கள். பேருந்து ஓடுகிற சாலை, கால் போனாலும் கைகாட்டி ஏறிக்கொள்ளலாம்.

தூரத்தை மனதில் வையுங்கள். திருச்செந்தூரிலிருந்து ஆலந்தலை வழியாகக் குலசை என்கிற குலசேகரப்பட்டினம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அங்கிருந்து மணப்பாடு 5. மணப்பாட்டிலிருந்து பெரியதாழை 12, அடுத்து உவரி 10. மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், முதல் நாள் குலசையோடு நிறுத்துங்கள். தங்குவதற்குத் திருச்செந்தூரிலும் உவரியிலும் கோயிலுக்கு வருகிறவர்களை நம்பிய அறைகள் உண்டு. நடுவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அல்லது பேருந்தில் திரும்பி வந்து தூங்கிவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அது கௌரவக் குறைச்சல் இல்லை. மணப்பாட்டில் கருமேனியாறு கடலில் சேரும் முகத்துவாரம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அது உடைத்துக்கொண்டு ஓடும், ஆழம் நாளுக்கு நாள் மாறும். முழங்காலுக்கு மேல் இழுத்தால் இறங்காதீர்கள். வலை காயப்போடுகிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் சொல்வதுதான் கடைசி வார்த்தை. மேட்டின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயில் 1581-ல் கட்டியது. கொஞ்ச நேரம் அங்கே உட்காரலாம்.

கரை ஊர்களில் ஒன்றைக் கவனியுங்கள். காய்கிற வலையை மிதிக்கவே கூடாது, நங்கூரக் கயிற்றைத் தாண்டவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்களில் பலர் கடலுக்குப் போவதில்லை, கோயில் நாள். அன்றைக்குத் தண்ணீர் கேட்டால் டீயோடு வரும்.

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது. ஒரு நாளைக்கு ஆளுக்கு 4 லிட்டர். மொத்தமாகத் தூக்கினால் 4 கிலோ சுமை, ஊருக்கு ஊர் நிரப்பிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் போதாது: ஒரு லிட்டருக்கு ஆறு சமதளத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட மோரும் நல்லது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி பத்தரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

காலுக்கு: ஓர் அளவு பெரிய கேன்வாஸ் ஷூ, ஏனென்றால் மத்தியானத்துக்குள் பாதம் வீங்கும். மெல்லிய காலுறை இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. மணல் உள்ளே போனால் ஊர் எல்லை வரை தாங்கலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயே உட்கார்ந்து தட்டுங்கள். கொப்புளம் வருமுன் அந்த இடம் சூடாகும். அப்போதே ஒட்டுப்பட்டை போட்டால் தப்பித்தீர்கள். வந்த கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். வேண்டுதலுக்காக வெறுங்காலில் நடக்கும் சர்க்கரை நோய்க்காரர்கள் கவனிக்க வேண்டும். சூடு உறைக்காது, சிவந்த பிறகுதான் தெரியும். வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றுங்கள். பயிற்சிக்கு வைகை மணல் போதும். வைகையில் மணல் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், மதுரையில் தேட வேண்டாம், மேற்கே சோழவந்தான் பக்கம் போய்ப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தேரிக்காட்டைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன், போகட்டும். கரைக்கு உள்ளே சில கிலோமீட்டரில் சிவந்த மணல் மேடுகள். மணல் துகளில் இரும்புத் துரு படிந்த நிறம் அது. பனை, முந்திரி, உடைமரம். உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்து வரும், ஷூவைக் கழற்ற வேண்டாம். காற்று நாளில் உங்கள் கால்தடம் திரும்பும் முன் அழிந்துவிடும். அதனால் பழக்கமில்லாதவர்கள் ஊர்க்காரர் ஒருவரோடு, காலையில் மட்டும் போங்கள்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்குகிறவர்கள் உடைத்துப் பார்த்து வாங்குங்கள், உடைந்த முகம் பளபளவென்று மின்னினால் சர்க்கரை கலந்தது. நேரம் முடிந்தது. வணக்கம்.