ஓநாய்க் காதலனும் ராயபுரம் ரயிலும்

(ராயபுரத்தில் நடந்த நாவல் வெளியீட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, நாவலை வெளியிட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, முதல் படியைக் காசு கொடுத்தே வாங்கிக்கொண்ட வணிகப் பெருமகன் அவர்களே, கேட்டவுடன் மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகிகளே, மைக் செட்டுக்குப் பாதிக் காசு மட்டும் வாங்கிய தம்பி அவர்களே, காசிமேட்டில் வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனால் கோபித்துக்கொள்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஓநாய் மனிதன் எங்கிருந்து வந்தான்? அவனை ஒருத்தி எப்படிக் காதலிப்பாள்? சரித்திர நாவலில் அமானுஷ்யம் வரலாமா?

நம் தங்கை எழுதிய இந்த நாவலின் கதை 1856இல் நடக்கிறது. ரயில் பாதை போட வந்த ஸ்காட்லாந்து இஞ்சினியர் ஒருவன். வண்ணாரப்பேட்டையில் துணி வெளுக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி. ராத்திரியானால் அவன் ஓநாய். 'இது வெள்ளைக்காரன் சரக்காச்சே' என்று வாசலிலேயே ஒருவர் கேட்டார். மாணிக்கவாசகருக்காக நரி பரியாகி, ராத்திரியே மறுபடி நரியாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்கலாமா?

சரி, வெள்ளைக்காரன் சரக்கையும் பார்ப்போம். 12ஆம் நூற்றாண்டில் மரி த பிரான்ஸ் என்ற பெண்கவி ஒரு பாட்டுக்கதை எழுதினார். பிரபு ஒருவன் வாரத்தில் மூன்று நாள் காணாமல் போகிறான். எங்கே போகிறீர்கள் என்று மனைவி விடாமல் கேட்கிறாள். காட்டில் ஓநாயாகத் திரிகிறேன், கழற்றி வைத்த துணியைப் போட்டால்தான் மறுபடி மனிதன் என்று உளறிவிடுகிறான். துணி இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்போம். இங்கே உருகியவள் மனைவி, ஏமாந்தது ஓநாய்! தன்மேல் ஆசைப்பட்ட இன்னொருவனை விட்டுத் துணியை எடுக்கச் சொல்லி, அவனையே கட்டிக்கொள்கிறாள். கடைசியில் அரசன் தயவால் துணி திரும்புகிறது. நடுவில் அவள் மூக்கு போன கதையைச் சொல்ல மாட்டேன், குழந்தைகள் இருக்கிறார்கள்.

சினிமா ஓநாய் மனிதனுக்கு வருவதுபோல் அதில் உருமாறப் பௌர்ணமி இல்லை, கொல்ல வெள்ளித் தோட்டா இல்லை. உயிர் முழுக்கத் துணியில் இருக்கிறது. நம் தங்கை அந்தத் துணியை வண்ணாரப்பேட்டைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள் பாருங்கள், அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் அதை வெளுத்து, கஞ்சி போட்டு, விடிவதற்குள் கிணற்றடியில் கொண்டுபோய் வைக்கிறாள்.

1692இல் லிவோனியாவில், அதாவது இன்றைய லாட்வியா, எஸ்தோனியா பக்கம், எண்பது தாண்டிய கிழவர் ஒருவர் கோர்ட்டிலேயே, 'ஆமாம், நான் ஓநாய்தான். சூனியக்காரர்கள் நரகத்துக்குக் கொண்டுபோன விளைச்சலை மீட்டு வரும் கடவுளின் வேட்டைநாய்' என்று சொன்னார். ஆட்டுக்காக நிஜமாகவே அழுத ஓநாய்! சவுக்கடி கொடுத்து ஊரைவிட்டுத் துரத்தினார்கள்.

இரண்டாவது செய்தி, காதல். கல்மண்டபம் பக்கம் புலிவேஷம் கட்டும் ஒருவர் இருந்தார். மீன் விற்கும் ஒரு பெண்மேல் ஆசை. சட்டை போட்டுக்கொண்டு போனால் வாய் திறக்காது. 'வஞ்சிரம் என்ன விலை?' அவ்வளவுதான். உடம்பெல்லாம் மஞ்சள் பெயின்ட் ஏறி, தாரை தப்பட்டை அடித்துவிட்டால் ஆளே வேறு. நேராக அவள் கூடைக்கு முன்னால் குட்டிக்கரணம் போடுவார், ஒரு சங்கராவைப் பல்லால் கவ்வுவார், கூட்டம் விசிலடிக்கும். ஒருநாள் அந்த அம்மா, 'யோவ், கழுவிட்டு வா, பேசலாம்' என்று சொல்லிவிட்டது. மனிதர் வீட்டுக்கு ஓடி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் குளித்து, சீவி, பவுடர் அடித்துக்கொண்டு வந்து நின்றார். கழுத்தில் இரண்டு கறுப்புப் பட்டை போகவே இல்லை, பக்கத்தில் பீடி பற்றவைக்க ஆள் பயந்தான். அந்த அம்மா மேலும் கீழும் பார்த்தது. இவர், 'வஞ்சிரம் என்ன விலை?' 'புலியா இருந்தப்போ இருந்த தைரியம் எங்கய்யா போச்சு?' (பலத்த கைதட்டல்.) இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஓநாயை ஒருத்தி எப்படிக் காதலிப்பாள் என்பதற்கு இதுதான் பதில். நாவலில் 14ஆம் அத்தியாயம் எனக்குப் பிடித்ததற்கும் இதுதான் காரணம்.

மூன்றாவது செய்திக்குப் போகுமுன் ஒன்று. நாவலில் ஓநாய் பதுங்கும் ஸ்டேஷன் கற்பனை இல்லை. இதோ, நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. ஆளுநர் ஹாரிஸ் பிரபு வந்து திறந்துவைத்தார். அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் வெளியூர் போக நாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் ஓட வேண்டும். ராயபுரத்தை முனையமாக்குங்கள் என்றால், 'ஐயோ, பழமையான கட்டடம் கெட்டுவிடுமே' என்று சிலர் உருகுகிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! கட்டடத்தைத் தொடவே வேண்டாம் ஐயா, யார்டு நிலத்தில் பிளாட்பாரம் போடுங்கள்.

தலைவர் மணியடித்துவிட்டார். அமானுஷ்யம் வரலாமா என்பதைத் தங்கையே ஏற்புரையில் சொல்லட்டும். முனையம் கேட்டு ஒரு மனு வாசலில் மேஜைமேல் இருக்கிறது. நாவலில் தங்கையிடம் கையெழுத்து வாங்குபவர்கள், மனுவில் தங்கள் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, இழுக்காதீர்கள். நன்றி, வணக்கம்.