பண்டைய எகிப்தில் உப்பு: கருவாட்டுக் கூடையும் தலைவரியும்

[திரையில்: நைல் நதியும் மேற்குப் பாலைவனமும் தெரியும் வரைபடம்]

பழங்காலத்தில் உப்புக்குத் தங்கத்தின் விலை என்று யார் யாரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எகிப்தைப் பொறுத்தவரை இதை நம்ப வேண்டாம். வடக்கே மத்தியதரைக் கடலோரம் உப்பங்கழிகள். மேற்கே பாலைவனத்தில் உப்பு ஏரிகள். காய்ச்சி எடுக்க விறகு கூட வேண்டாம், வெயில் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு தாராளமாகக் கிடைத்த பொருளை எவன் தங்கம் கொடுத்து வாங்குவான்? எகிப்தியரின் கணக்கேடுகளில் தானியம், பீர், எண்ணெய், துணி என்று வரிசையாக வரும். அவற்றோடு ஒப்பிட்டால் உப்பின் பெயர் குறைவு.

அப்படியானால் உப்பு எங்கே போனது? மீன் கூடைக்குள் போனது, பறவை ஜாடிக்குள் போனது, கடைசியில் வரிப் பட்டியலுக்குள் போனது. அந்த வழியாகத்தான் நாமும் போகப்போகிறோம்.

[திரையில்: கழுதைகள் வரிசையாக நடக்கும் சுவர்ச் சிற்பம்]

முதலில் ஒரு கழுதைச் சுமையைப் பிரித்துப் பார்ப்போம். கி.மு. 1850 வாக்கில் எழுதப்பட்ட ஒரு எகிப்தியக் கதை. நாயகன் பெயர் குனானுப். ஊர், இன்று வாடி நட்ரூன் என்று அழைக்கப்படும் பள்ளத்தாக்கு. கெய்ரோவுக்கு வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர். கதையில் அந்த இடத்தின் பெயரே 'உப்பு வயல்'. வீட்டில் பார்லி தீர்ந்துகொண்டிருக்கிறது. இருப்பதை அளக்கச் சொல்கிறான். மனைவி மக்களுக்கு 20 படி ஒதுக்கிவிட்டு, மீதி 6 படியை வழிக்கு ரொட்டியும் பீருமாகச் செய்துதரச் சொல்கிறான். அப்புறம் கழுதைகளில் சரக்கை ஏற்றிக்கொண்டு நைல் பக்கம் கிளம்புகிறான்.

சரக்கு என்னென்ன? நாணல், மூலிகைகள், நேட்ரான், உப்பு, ஃபராஃப்ரா பாலைவனச்சோலையின் கம்புகள், சிறுத்தைத் தோல், நரித் தோல். கவனியுங்கள், உப்பு இங்கே நாயகன் இல்லை. பாலைவன ஓரத்தில் இருப்பவன் தன்னிடம் உள்ள நாலைந்து பொருளைச் சேர்த்துக் கட்டிய மூட்டையில் அதுவும் ஒன்று. அதைக் கொடுத்து அவன் வாங்க நினைத்தது தானியம். வழியில் ஒருவன் சூழ்ச்சி செய்து கழுதைகளைப் பிடுங்கிக்கொள்ள, குனானுப் 9 முறை முறையிட்டு நியாயம் வாங்குவதுதான் மீதிக் கதை. நமக்கு மூட்டை போதும்.

[திரையில்: வாடி நட்ரூன் ஏரிக்கரையில் படிந்த வெண்பொருக்கு]

அந்த மூட்டையில் நேட்ரானும் உப்பும் தனித்தனியாகச் சொல்லப்பட்டதைப் பார்த்தீர்களா? இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். மம்மியை உப்பில் ஊறவைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஊறவைக்கவும் இல்லை, அது சாப்பாட்டு உப்பும் இல்லை. நேட்ரான் என்பது முக்கியமாக சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த இயற்கைக் கலவை. கூடவே கொஞ்சம் சாதாரண உப்பும் சல்பேட்டும் இருக்கும். வாடி நட்ரூன் ஏரிகள் கோடையில் வற்றும்போது கரையில் பொருக்காகப் படியும். ஈரத்தை உறிஞ்சுவதோடு காரத்தன்மையால் கொழுப்பையும் சிதைக்கும் என்பதால் உடலைப் பதப்படுத்த அது தோதானது. 1994இல் பாப் பிரையர், ரான் வேட் என்ற இருவர் அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில், தானமாக வந்த ஓர் உடலை அதே பள்ளத்தாக்கின் நேட்ரானில் 35 நாள் புதைத்துவைத்து, முறை வேலை செய்கிறது என்று காட்டினார்கள். காய்ந்த தூளில்தான் வைத்தார்கள், கரைசலில் அல்ல.

நேட்ரான் சமையலிலும் எட்டிப் பார்த்திருக்கிறது. முள்ளங்கிக்கு எகிப்திய நேட்ரானைச் சேர்ப்பார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். ருசி எப்படி இருந்திருக்கும் என்று கேட்காதீர்கள்.

[திரையில்: சக்காராவின் கல்லறைச் சிற்பம், மீனைப் பிளக்கும் ஆட்கள்]

சரி, இப்போது மீன். உப்பின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

நைலில் மீன் ஏராளம், ஆனால் எகிப்திய வெயிலில் பிடித்த மீன் மாலைக்குள் கெட்டுவிடும். சக்காராவில் உள்ள, 'பழைய அரசு' எனப்படும் பிரமிடுக் காலத்துக் கல்லறைகளின் சுவர்களில் இதற்கான ஏற்பாட்டைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். ஒருவர் குந்தி உட்கார்ந்து, சாய்ந்த பலகை மேல் மீனை வைத்து, அகலமான கத்தியால் கீறுகிறார். குடலை எடுத்துவிட்டு, புத்தகத்தை விரிப்பது போல் மீனை விரித்துக் காயப்போடுகிறார்கள். மடவை மீன் என்றால் சினையை உடையாமல் பை பையாகத் தனியே எடுத்து வைப்பார்கள். அந்தச் சினையை உப்பிட்டு, அழுத்தி, உலர்த்தித் தின்பது எகிப்தில் இன்றும் உண்டு. பதாரிக் என்பார்கள், விலை கொஞ்சம் அதிகம்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்து போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ், இங்குள்ளவர்கள் மீனை வெயிலில் காயவைத்தோ உப்புநீரில் ஊறவைத்தோ சமைக்காமலே தின்கிறார்கள் என்று எழுதுகிறார். காடை, வாத்து, சின்னப் பறவைகளையும் முதலில் உப்பிட்டுவிட்டுப் பச்சையாகவே தின்கிறார்களாம். அவர் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்த விஷயத்தில் மண்ணுக்கடியிலிருந்தே சாட்சி வந்தது. 1906இல், அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்களின் ஊரான டெய்ர் எல்-மதீனாவில் இத்தாலியர் ஸ்கியாபரெல்லி, கா என்ற மேஸ்திரியும் அவர் மனைவி மெரித்தும் அடங்கிய கல்லறையைத் திறந்தார். சுமார் 3,400 ஆண்டு பழையது, கொள்ளை போகாதது. அதில் ரொட்டி, பேரீச்சம்பழம், சீரகம் ஆகியவற்றோடு, உப்பிட்ட பறவைகள் அடைத்த ஜாடிகளும் இருந்தன. இப்போது பெரும்பாலானவை இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில்.

உப்பிட்ட மீன் இன்னும் அந்த நாட்டை விடவில்லை. ஷம் எல்-நசீம் என்ற வசந்தப் பண்டிகை, எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை வரும். அன்று எல்லா மதத்தவரும் 'ஃபெசீக்' தின்பார்கள்: மடவையைக் கொஞ்சம் வீங்கும்வரை விட்டுவைத்து, பிறகு பீப்பாயில் உப்போடு அடுக்கிப் புளிக்கவிடுவது. பதம் தவறினால் ஆபத்து. 1991இல் கெய்ரோவில் ஃபெசீக் தின்ற 91 பேர் போட்டுலிசம் என்ற நச்சுணவு நோயோடு மருத்துவமனையில் சேர்ந்து, 18 பேர் இறந்தார்கள். பண்டிகை நெருங்கினால் அரசு எச்சரிக்கை விடும், மக்களும் வரிசையில் நின்று வாங்குவார்கள்.

[திரையில்: பாப்பிரஸ் சுருள், பின்னர் பிப்ளோஸ் துறைமுகம்]

வியாபாரத்துக்கு வருவோம். எகிப்து உப்பாக ஏற்றுமதி செய்ததைவிட, உப்பேறிய பொருளாகக் கப்பலேற்றியதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வெனாமுன் என்ற கோயில் அதிகாரியின் பயணக் கதை, பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கிறது. காலம் கி.மு. 1075 வாக்கு, நடந்ததா, புனைந்ததா என்ற வாதம் இருக்கிறது. அமுன் கடவுளின் படகுக்குத் தேவதாரு மரம் வாங்க இன்றைய லெபனானில் உள்ள பிப்ளோஸுக்கு அவரை அனுப்புகிறார்கள். அரசன் மரத்துக்குக் காசு கேட்கிறான். எகிப்திலிருந்து வந்து இறங்கியவை: பொன், வெள்ளிப் பாத்திரங்கள், மெல்லிய லினன் துணி, 500 மாட்டுத்தோல், 500 கயிறு, 20 மூட்டை மசூர் பருப்பு, 30 கூடை மீன். வெனாமுன் கைச்செலவுக்கென்று தனியாக 5 கூடை மீன். பிப்ளோஸ் கடற்கரை ஊர், அவர்கள் கடலிலேயே மீன் உண்டு. அப்படியும் எகிப்து மீன் விலைபோகிறது. அத்தனை நாள் கப்பலில் கெடாமல் வந்திருந்தால் அது கருவாடாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளூரிலும் மீன் என்பது கூலி. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் டெய்ர் எல்-மதீனாவின் கல்லறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தபோது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்றுதான் முறையிட்டார்கள்.

பூசாரிகள் கதை வேறு. அவர்கள் கடலை டைஃபோன் என்ற தீய தெய்வத்தோடு சேர்த்துப் பார்த்ததால் கடலுப்பை 'டைஃபோனின் நுரை' என்று ஒதுக்கினார்கள் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். இன்னொரு காரணமும் சொல்கிறார்: உப்பு சேர்ந்தால் அதிகம் தின்னவும் குடிக்கவும் தோன்றும். வேள்விக்கு வேண்டிய உப்பு மேற்குப் பாலைவனத்தின் சீவா பாலைவனச்சோலையிலிருந்து வந்தது. மண்ணில் தோண்டி எடுத்தது, சில கட்டிகள் மூன்று விரல் அகலத்துக்கு மேல், பளிங்கு போல் தெளிவு. அமுன் கோயில் பூசாரிகள் அதைப் பனையோலைக் கூடையில் வைத்து அரசனுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதியிருக்கிறார். உப்புக்கு மரியாதை கிடைத்த இடம் இது ஒன்றுதான்.

[திரையில்: கிரேக்க எழுத்தில் வரிப் பட்டியல்]

உப்பில் காசு பார்த்தவர்கள் பிறகு வந்த கிரேக்க அரசர்கள். கி.மு. 263 வாக்கில் இரண்டாம் டாலமி ஒரு உப்பு வரி போட்டார். பெயரில்தான் உப்பு, நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. தலைக்கு இவ்வளவு. ஆணுக்கு 1 திராக்மா 3 ஓபோல், பெண்ணுக்கு 1 திராக்மா. இரண்டும் கிரேக்க நாணயங்கள், 6 ஓபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா. கி.மு. 254இல் ஆணுக்கு 1 திராக்மா, பெண்ணுக்கு 3 ஓபோல் என்று இறங்கியது. பிறகு 4 ஓபோலும் ஒன்றரை ஓபோலுமாக இன்னும் குறைந்தது. ஆசிரியர்கள், உடற்பயிற்சி ஆசான்கள், நாடகக் கலைஞர்கள், போட்டிகளில் வென்றவர்கள் ஆகியோருக்கு விலக்கு. கிரேக்கக் கல்வியையும் கலையையும் வளர்ப்பவனிடம் வரி வாங்க மாட்டோம் என்ற கணக்கு, நல்ல அரசியல்தான்.

பெண்களும் கட்டியதால் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். யார் வீட்டில் எத்தனை பெரியவர்கள், என்ன பெயர், என்ன தொழில் என்று எழுதினார்கள். தேவை முடிந்ததும் அந்தத் தாள்களைப் பழைய காகிதமாகக் கழித்துவிட்டார்கள். ஃபையூம் பகுதியில் மம்மிகளுக்கு உறை செய்தவர்கள் அவற்றை வாங்கி, பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டி அட்டையாக்கினார்கள். அந்த உறைகளைப் பிரித்துப் பிரித்துத்தான் வரிப் பட்டியல்களை இன்று படிக்கிறோம்.