கடைசி வளையத்துக்குச் சேதி போகும் வரை

நேயர்களுக்கு வணக்கம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்கள் பொம்மைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். வானவில் நிறத்தில், வளையல் அடுக்கு மாதிரி ஒரு ஸ்பிரிங். ஸ்லிங்கி என்று பெயர். படியில் வைத்தால் தானே இறங்கும். அது எல்லோருக்கும் தெரியும். அது விழுகிற விதத்தைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

கடலூரில் பல வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பதினோராம் வகுப்பில் மேஜை மேல் ஏறி நின்று, ஸ்பிரிங்கின் மேல் நுனியைப் பிடித்து மீதியைத் தொங்கவிடுவேன். ஆட்டம் முழுக்க அடங்க வேண்டும், அது முக்கியம். அப்புறம் கேட்பேன்: "கையை விட்டால் கீழ் நுனி என்ன ஆகும்?" உடனே விழும் என்பார்கள் பாதிப் பேர். சுருண்டு மேலே ஏறும் என்பார்கள் மீதிப் பேர்.

ஒரு வருஷம், மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி எந்தப் பக்கமும் சேரவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைசி வளையத்துக்கு ஒரு விரற்கடை கீழே உள்ளங்கையை விரித்து வைத்தாள். "இப்போ விடுங்க டீச்சர்." விட்டேன். மேல் வளையங்கள் சடசடவென்று ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. கடைசி வளையம் அந்தரத்தில் அப்படியே நின்றது. மேலிருந்து வந்த மொத்தக் கட்டும் அதைத் தொட்ட பிறகுதான் எல்லாம் சேர்ந்து அவள் கையில் பொத்தென்று விழுந்தது. "டீச்சர், நீங்க விட்டதே அதுக்குத் தெரியலை!" என்றாள்.

அதேதான் விஷயம். கடைசி வளையத்தைத் தாங்குவது அதற்கு மேலே இருக்கிற வளையம். அதைத் தாங்குவது அதற்கும் மேலே இருப்பது. நான் கையை விட்ட சேதி ஒவ்வொரு வளையமாகத்தான் இறங்க முடியும். கடலூர் துறைமுகம் சந்திப்பில் கூட்ஸ் வண்டி கிளம்புவதைக் கேட்டிருப்பீர்களே? எஞ்சின் இழுத்ததும் 'டடங் டடங்' என்று சத்தம் ஒவ்வொரு பெட்டியாக ஓடும். அது வந்து சேரும் வரை கடைசிப் பெட்டி அசையாது. நம் ஸ்பிரிங்கும் அப்படித்தான்.

அப்படியென்றால் பூமி இழுக்கவில்லையா? இழுக்கிறது, ஒரு கணம்கூட விடாமல். ஸ்பிரிங்கின் எடை மையம், அதாவது அதன் மொத்த எடையும் சமன்படும் புள்ளி, சாதாரணக் கல்லைப் போலவே விழுகிறது. மேல் நுனியைப் பூமியும் இழுக்கிறது, கீழ் வளையங்களும் இழுக்கின்றன. அதனால் அது கல்லைவிட வேகமாக வருகிறது. திரும்பவும் சொல்கிறேன்: மேல் நுனி கல்லை முந்தும், கீழ் நுனி நிற்கும், எடை மையம் கல்லோடு சேர்ந்து விழும்.

எல்லாம் சுமார் 0.3 விநாடிக்குள் முடிந்துவிடும். செல்போனில் ஸ்லோமோஷன் வைத்து எடுங்கள். விநாடிக்கு 240 படம் என்றால், எழுபது படம் வரைக்கும் கடைசி வளையம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தப் பொம்மைக்குக் காரணமான ரிச்சர்ட் ஜேம்ஸ் அமெரிக்கக் கப்பல் துறைப் பொறியாளர். 1943-இல் அவர் வேலை செய்த இடத்தில் தவறி விழுந்த ஒரு ஸ்பிரிங்தான் ஆரம்பம். அந்தக் கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் காட்டுகிறார்கள்.

சரி, ஒன்றே ஒன்று. நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். அங்கே இதே ஸ்பிரிங் கொஞ்சமாகத்தான் நீளும், மெதுவாகத்தான் விழும். ஆனால் சேதி கீழே போய்ச் சேர ஏறக்குறைய இதே நேரம்தான் ஆகும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் நிறையும் விறைப்பும்தான். வணக்கம்.